ஒரு காய் குறைந்தால் ஒரு செட்டே வீண்!

விளையாட்டுச் சாமான்களைக் கடையில் எண்ணி வைப்பதும் பேணி வைப்பதும்



மளிகைச் சரக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 50 கிலோ துவரம் பருப்பு மூட்டையில் எலி கடித்து ஒரு கிலோ சிந்திப்போனால் நமக்கு நஷ்டம் ஒரு கிலோதான். மீதி 49 கிலோவும் முழு விலைக்குப் போகும். விளையாட்டுச் சாமானுக்கு அந்தக் குணம் கிடையாது. 32 காய் உள்ள சதுரங்கப் பெட்டியில் ஒரே ஒரு குதிரை காணாமல் போனால், மீதி 31 காய்க்கும் பலகைக்கும் பெட்டிக்கும் சேர்த்து மதிப்புப் போய்விடும். வாங்க ஆள் இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செட்டை 160 ரூபாய்க்கு வாங்கி 200 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். லாபம் 40 ரூபாய். காய் குறைந்த ஒரு செட் நம் கையில் தங்கிவிட்டால், போன 160 ரூபாயை எடுக்க நான்கு நல்ல செட் விற்க வேண்டும். அந்த நான்கும் லாபமில்லாத விற்பனை. டஜன் வாங்கும் சில்லறைக் கடைக்காரருக்கு இரண்டு செட் இப்படிப் போனால், வாங்கியதில் பெரும்பகுதி உழைப்பு வீண்தான்.

மளிகையோடு பேன்சி, ஸ்டேஷனரி, விளையாட்டுச் சாமான் என்று சேர்த்து விற்கும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் ஏராளம். "அது ஓடாத சரக்கு அண்ணே, முதல் முடங்கிப் போவுது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கடை அலமாரியைப் பார்த்தால் காரணம் தெரியும். சரக்கு ஓடாமல் இல்லை. பிரிந்த பெட்டி, கலந்த காய், வளைந்த பலகை, பச்சை பிடித்த தாயக்கட்டை என்று விற்க முடியாத நிலையில் கிடக்கும். இந்தச் சரக்கை எப்படி எண்ணுவது, எப்படி அடுக்குவது, எதனோடு சேர்க்கக்கூடாது என்பதைத் தொழில்முறையில் பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இந்தச் சரக்குக்கு இன்று கேட்பு இருக்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, மாமல்லபுரத்தில், 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் தன் 18-ஆவது வயதில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார். அதற்கு முந்தைய மாதம் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் சென்னை காசிமேட்டுப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். அவர் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தச் செய்திகளைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் பலகை கேட்கிறார்கள்.

வரியும் இறங்கியிருக்கிறது. சதுரங்கப் பலகை, கேரம் பலகை, லூடோ, சீட்டுக்கட்டு போன்றவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது.

பருவமும் நமக்குத் தெரிந்ததே. ஏப்ரல், மே கோடை விடுமுறையில் கேரமும் லூடோவும். நவராத்திரியில் கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கச் சிறிய பல்லாங்குழி, தாயக்கட்டை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்புக்குப் பரமபதப் படம். வருடத்தில் மூன்று முறை வரும் வியாபாரம் என்றால், நடுவிலுள்ள மாதங்களில் சரக்கு நம் அலமாரியில்தான் இருக்கப்போகிறது. அந்த மாதங்களில் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே பருவத்தில் காசு.

எதில் எத்தனை காய்?

கடைப் பையனிடம் "லூடோவில் எத்தனை காய்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரியாதவன் எப்படிச் சரிபார்ப்பான்? கீழே உள்ளதை ஓர் அட்டையில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கேரம்: கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. ஆக 19 காய். ஸ்ட்ரைக்கர் தனி.

சதுரங்கம்: ஒரு பக்கத்துக்கு ராஜா 1, ராணி 1, யானை 2, குதிரை 2, பிஷப் 2, சிப்பாய் 8. ஆக 16. இரு பக்கமும் சேர்த்து 32.

லூடோ: நான்கு நிறம், நிறத்துக்கு 4 காய். ஆக 16. பகடை 1.

பல்லாங்குழி: 14 குழி. குழிக்கு 5 என்று ஆடுபவருக்கு 70 காய், 6 என்று ஆடுபவருக்கு 84 காய்.

தாயம்: நீளக் கட்டை 2. காய் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். பாக்கெட்டின் மேல் போட்டிருப்பதைப் பார்க்கவும்.

ஆடுபுலி: புலி 3, ஆடு 15. ஆக 18.

சீட்டுக்கட்டு: 52. ஜோக்கர் தனி.

பலகையே கணக்குப்பிள்ளை

எண்ணுவதற்கு நேரம் இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். ஆனால் இந்த விளையாட்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் எண்ணும் வேலையைப் பலகையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அதைப் பயன்படுத்தினால் போதும்.

பல்லாங்குழிக் காயை ஒன்று, இரண்டு என்று 70 வரை எண்ணினால் நடுவில் யாராவது "அரைக் கிலோ ரவை" என்பார்கள், கணக்கு விட்டுப்போகும். அதற்குப் பதிலாகப் பலகையைத் திறந்து குழிக்கு ஐந்தாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். 14 குழியும் நிறைந்தால் 70 சரி. நடுவில் வாடிக்கையாளர் வந்தாலும் விட்ட இடம் பலகையிலேயே தெரியும்.

கேரம் காயில் இன்னும் அழகான வழி இருக்கிறது. நடுவில் சிவப்புக் காயை வையுங்கள். அதைச் சுற்றி ஆறு காய்தான் நெருக்கமாக உட்காரும். அந்த ஆறைச் சுற்றி இன்னொரு வளையம் வைத்தால் பன்னிரண்டு. 1, 6, 12 கூட்டினால் 19. ஆட்டம் தொடங்கும்போது அடுக்குவதும் இப்படித்தான். போட்டிக் காய் ஒன்றின் விட்டம் சுமார் 3.1 செ.மீ. ஐந்து காய் வரிசையாக வைத்தால் பதினைந்தரை செ.மீ. வரும். ஆகவே உள்விட்டம் சுமார் 16 செ.மீ. உள்ள வட்டமான பிஸ்கட் டின் மூடி ஒன்று இருந்தால், அதில் 19 காயும் ஒரே அடுக்காக அடங்கும். ஒன்று குறைந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி தெரியும். எண்ணத் தெரியாத சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

சதுரங்கக் காயைப் பலகையில் நான்கு வரிசையாக நிறுத்தினால் வரிசைக்கு எட்டு. ஆடுபுலிக்குப் பலகையெல்லாம் வேண்டாம். ஆட்டை ஐந்து ஐந்தாக மூன்று குவியல், புலி மூன்று.

இதைவிட வேகமான வழியும் நம் மேசையிலேயே இருக்கிறது. அதுதான் எலக்ட்ரானிக் தராசு. போட்டிக் கேரம் காய் ஒன்றின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே கம்பெனி, ஒரே லாட் காய்களில் ஒரு முழு செட்டை எண்ணி, எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற செட்டுகள் அதே எடைக்கு அருகில் வர வேண்டும். நான்கைந்து கிராம் குறைந்தால் மட்டும் பிரித்து எண்ணுங்கள். ஒரு கிராம் காட்டும் தராசு இதற்குப் போதும். லூடோக் காய் போன்ற லேசான பிளாஸ்டிக்குக்கு இது ஒத்துவராது. அதைக் கையால்தான் எண்ண வேண்டும்.

சரக்கு இறங்கும் அன்றே

காய் குறைவு பெரும்பாலும் நம் கடையில் நடப்பதில்லை. பேக்கிங்கில் விடுபடும், அல்லது வழியில் பெட்டி பிரிந்து கொட்டும். ஆனால் அன்றே பார்க்காவிட்டால் பழி நம் தலையில்தான்.

வெளியூர்க் கம்பெனி ஒன்று, பெயர் இங்கே வேண்டாம், எங்களுக்கு 48 லூடோப் பெட்டி அனுப்பியது. லாரியிலிருந்து இறக்கியவுடன் ஆறு பெட்டி பிரித்துப் பார்த்ததில் ஒன்றில் பகடை இல்லை. உடனே 48-ஐயும் பிரித்தோம். ஐந்தில் பகடை இல்லை. லாரி ரசீதின் பின்னாலேயே எழுதி, டிரைவர் கையெழுத்தும் வாங்கிவிட்டுப் போன் செய்தேன். "உங்க குடோன்ல எலி தூக்கியிருக்கும் சார்" என்று சிரித்தார்கள். கையெழுத்து இருப்பதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பத்து நாளில் பகடைகள் தபாலில் வந்து சேர்ந்தன. ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் எலியின் மேல்தான் எழுதியிருப்பார்கள்.

ஆகவே டஜனுக்கு இரண்டு பெட்டியாவது பிரித்துப் பாருங்கள். ஒன்றில் குறை இருந்தால் எல்லாவற்றையும் பாருங்கள். சரிபார்த்த பெட்டியின் வாயில் ஒரு சிறு தாள் ஒட்டி, தேதியும் பார்த்தவர் முதலெழுத்தும் போடுங்கள். அந்தத் தாள் கிழியாமல் இருக்கும்வரை அது முழு செட். வாடிக்கையாளர் பார்க்கக் கேட்டால் மாதிரிக்கு ஒரே ஒரு பெட்டியை மட்டும் திறந்து வையுங்கள். ஆளுக்கொரு பெட்டியைப் பிரித்துக் காட்டும் கடையில் மாதக் கடைசியில் முழுப் பெட்டி ஒன்றும் மிஞ்சாது.

உதிரிக் காய்க்கு ஓர் அஞ்சறைப் பெட்டி

எவ்வளவு கவனித்தாலும் ஒன்றிரண்டு செட் குறையத்தான் செய்யும். அதை மூலையில் போட்டு வைத்தால் செத்த சரக்கு. முறையாகப் பிரித்து வைத்தால் அதுவே மற்ற செட்டுகளைக் காப்பாற்றும்.

குதிரை இல்லாத ஒரு சதுரங்கப் பெட்டியில் 31 உதிரிக் காய்கள் இருக்கின்றன. சிப்பாய் இல்லாத பெட்டி, யானை உடைந்த பெட்டி என்று அடுத்தடுத்து வருவதையெல்லாம் அதிலிருந்து முழுமையாக்கலாம். சீரகம், மிளகு, கடுகு என்று பிரித்து வைக்க நம் வீட்டுப் பெண்கள் அஞ்சறைப் பெட்டி வைத்திருக்கிறார்களே, அதுபோல ஒன்று போதும். ஒரு அறையில் பகடை, ஒன்றில் லூடோக் காய், ஒன்றில் கேரம் காய், ஒன்றில் சிப்பாய், ஒன்றில் மற்ற சதுரங்கக் காய்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனி மாறினால் காய் சேராது. கேரம் காயின் கனம் 7 மி.மீ. முதல் 9 மி.மீ. வரை இருக்கலாம். 7 மி.மீ. காய்க்கு நடுவில் 9 மி.மீ. காய் ஒன்றைப் போட்டால் ஆடுபவன் முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிடுவான். ஆகவே உதிரிக் காயை எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று சீட்டு எழுதியே போட வேண்டும். சீட்டு இல்லாத உதிரி வெறும் குப்பை.

உதிரிக் காயைச் சிறு பாக்கெட்டாகக் கட்டி விற்க நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும். முன்கூட்டியே கட்டி வைத்து விற்கும் எதற்கும் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் உண்டு. பொட்டலம் கட்டியவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு எல்லாம் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால், கேட்பவருக்கு எதிரிலேயே எண்ணி எடுத்துக் கொடுங்கள்.

ஒரு சிப்பாய்க்குப் பணம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாம், வாங்காமலும் விடலாம். ஆனால் கொடுக்க நம்மிடம் இருக்க வேண்டும். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நம்மைவிட மலிவாகக் கிடைக்கும். போனில் பார்த்து வாங்கினால் வீட்டுக்கே வரும். அந்த இரண்டு இடத்திலும் கிடைக்காத ஒன்று, தொலைந்துபோன ஒரே ஒரு சிப்பாய். அதற்கு நம் தெருமுனைக் கடைக்குத்தான் வர வேண்டும். அப்படி வரும் தாய் வெறும் சிப்பாயோடு திரும்புவதில்லை. அரைக் கிலோ சர்க்கரையும் ஒரு சோப்பும் சேர்த்துத்தான் வாங்கிப் போவார்.

கடற்கரை ஊரின் ஈரமும் உப்பும்

நாம் இருப்பது கடலோரம். ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகிலேயே கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தரையில் அடுக்கியிருந்தவை எத்தனை குடோன்களில் நனைந்தன என்பதை நம் உறுப்பினர்களே அறிவார்கள்.

அரிசி நனைந்தால் கஞ்சித் தொட்டிக்காவது போகும். கேரம் பலகை நனைந்தால் விறகுதான். அது ஒட்டுப்பலகை. ஈரம் ஏறினால் அடுக்கு விடும், நடுவில் மேடு தட்டும். அதைச் சுவரில் சாய்த்து வைப்பதே பெரும்பாலான கடைகளில் வழக்கம். சாய்த்த பலகை தன் எடையிலேயே வளையும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சமமாகப் படுக்க வையுங்கள். அல்லது நேர்குத்தாக நெருக்கி நிறுத்துங்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் வைப்பது நல்லது. வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். மழையில் சுவர் வியர்க்கும்.

பித்தளைத் தாயக்கட்டை உப்புக்காற்றில் களிம்பு ஏறும். உப்பு மூட்டை இருக்கும் அறையில் அதை வைக்கவே கூடாது. இரண்டு கட்டையையும் சேர்த்து ரப்பர் பேண்டு போடுவது இன்னொரு தவறான பழக்கம். ரப்பரில் கந்தகம் உண்டு. பட்ட இடத்தில் பித்தளை கறுக்கும். பருத்தி நூலால் கட்டி, உலர்ந்த துணியிலோ தாளிலோ சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். களிம்பு ஏறியதை நம் கடைப் புளியாலேயே தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் மறுபடியும் பளபளக்கும்.

சீட்டுக்கட்டுக்கும் ரப்பர் பேண்டு ஆகாது. நம் ஊர் வெயிலில் அது இளகிச் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பரமபதப் படத்தை மடித்து வைத்தால் மடிப்பில் கிழியும். அட்டைக் குழலில் சுருட்டி வையுங்கள். லூடோ அட்டைகளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கரப்பானுக்கும் எலிக்கும் அந்தப் பசை விருந்து. மைதா, வெல்லம் இருக்கும் அடுக்குக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிகளை வைக்காதீர்கள்.

புளியங்கொட்டையைப் பல்லாங்குழிக் காயாகக் கொடுப்பவர்கள் அதை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் காய்ந்த வேப்பிலையோடு வைக்கவும். இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும். வறுக்க வேண்டாம். வறுத்தால் தோல் கழன்று வந்துவிடும், பளபளப்பும் போய்விடும். சோழியை நல்ல தண்ணீரில் கழுவி உப்புப் போக நிழலில் உலர்த்தி, ஒரே அளவாகப் பிரித்து வைத்தால் கூடுதல் விலைக்கே போகும்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கமாக நம் ஊரில் இன்றும் 'பெத்தாங்க்' என்ற இரும்புக்குண்டு விளையாட்டு இருக்கிறது. அந்தக் குண்டுகளை விற்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குண்டின் விட்டம் 70.5 மி.மீ. முதல் 80 மி.மீ. வரையும், எடை 650 கிராம் முதல் 800 கிராம் வரையும் இருக்கலாம். ஒருவர் தன் கைக்கு ஏற்றபடி ஒரே விட்டம், ஒரே எடையில் மூன்று குண்டு வாங்குவார். போட்டிக் குண்டில் எடையும் எண்ணும் பொறித்தே இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் கடையில் கலந்துவிட்டால், 690 கிராம் இரண்டும் 720 கிராம் ஒன்றுமாகப் போய்விடும். வாங்கியவர் அடுத்த நாளே திரும்புவார். எண்ணைப் பார்த்து மூன்று மூன்றாகப் பையில் கட்டுங்கள். துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். 30 மி.மீ. மரக்குண்டு ஒன்றும் உடன் வேண்டும். சின்னதாக இருப்பதால் முதலில் தொலைவது அதுதான்.

சாப்பாட்டுச் சரக்கோடு சேரக்கூடாதவை

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றி. இனிச் சொல்வது உயிரைப் பற்றி. மளிகையும் விளையாட்டுச் சாமானும் ஒரே கூரையில் விற்கும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் வெள்ளைத் தூள். மைதா, சோளமாவு, ஆப்ப சோடா, பொடியுப்பு எல்லாமும் வெள்ளைத் தூள். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள். குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. அதை மூட்டையாக வாங்கி, கிழிந்த பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டி விற்கும் வழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பெயர் அச்சிட்ட கம்பெனி டப்பாவாக மட்டும் வாங்குங்கள். மாவு அள்ளும் கரண்டியை அதில் விடாதீர்கள். அதே தராசுத் தட்டில் கொட்டாதீர்கள். உணவுப் பொருள் அடுக்குக்கு மேல் தட்டில் வைக்காதீர்கள். கொட்டினால் கீழேதான் விழும். சோப்பு, பினாயில் இருக்கும் பக்கத்தில், கீழ்த்தட்டில் வையுங்கள்.

அடுத்தது குன்றிமணி. அந்தக் காலத்தில் பொற்கொல்லர் எடைக்கல்லாக வைத்திருந்த அதே விதைதான். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்ததுபோல் அழகாக இருப்பதால் பல்லாங்குழிக்கும் போடுகிறார்கள். நாட்டு மருந்துப் பொருளாகவும் சில கடைகளில் இருக்கும். அதன் பருப்பில் கொடிய விஷம் உண்டு. ஓடு உடையாத விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் குழந்தை கடித்து மென்றாலோ, மணி கோக்கத் துளை போட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. தட்டைப்பயறு, ராஜ்மா பக்கத்தில் இது இருந்து ஒரு கைப்பிடி கலந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல்லாங்குழிக்குச் சிவப்பு விதைதான் வேண்டுமென்று கேட்பவருக்கு மஞ்சாடி கொடுங்கள். அது முழுச் சிவப்பாக, கறுப்புப் பொட்டு இல்லாமல், கொஞ்சம் பெரிதாக இருக்கும். மஞ்சாடியும் தின்னும் பொருள் அல்ல. பருப்பு அடுக்கில் அதற்கும் இடம் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு விதையே வேண்டாம், பெரிய சோழி கொடுங்கள்.

சின்னக் காய், பகடை எல்லாம் கைக்குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவுதான். வாங்குபவர் இடுப்பில் குழந்தையோடு நின்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். முத்திரை இல்லாத சரக்கை விற்பவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. கொள்முதல் செய்யும்போதே முத்திரையைப் பாருங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள்.

எண்ணிக் கொடுத்தல்

சில்லறை கொடுக்கும்போது நோட்டை வாடிக்கையாளர் எதிரில்தான் எண்ணுகிறோம். காயை மட்டும் ஏன் எண்ணாமல் கொடுக்கிறோம்? "பாருங்கம்மா, பத்தொன்பது இருக்கு, ஸ்ட்ரைக்கர் ஒண்ணு" என்று காட்டி, திரும்பக் கட்டிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு "காய் குறையுது" என்று சச்சரவு வராது. வந்தாலும் நமக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். நேர்மையான வாடிக்கையாளருக்கும் அது மரியாதை.

ஒரு சுருக்குப் பையும் சேர்த்துக் கொடுக்கலாம். துணி வியாபாரம் செய்யும் நண்பரிடம் கிடைக்கும் வெட்டுத் துணியில் தைத்தால் செலவு மிகக் குறைவு. கம்பெனி கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒரே வாரத்தில் கிழியும். பை கிழிந்த வீட்டில்தான் காய் தொலைகிறது. பையில் கடைப் பெயரும் காய் எண்ணிக்கையும் அச்சடித்தால், விளையாடி முடித்து எண்ணிக் கட்டும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் நம் கடைப் பெயரைப் படிப்பார்கள்.

அடுத்த பருவத்துக்குச் சரக்கு எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்த பிறகு, அந்த மேல் அலமாரியை இறக்குங்கள். எல்லாப் பெட்டியையும் பிரித்து, எண்ணி, முழுமையானவற்றுக்குத் தாள் ஒட்டுங்கள். குறைந்தவற்றை உதிரிப் பெட்டியில் சேருங்கள். போரிக் பவுடரையும் குன்றிமணியையும் இடம் மாற்றுங்கள். செத்த சரக்கு என்று எழுதிவிட்டதில் பாதி, பத்து செட்டாவது, விற்கக்கூடியதாகத் திரும்பி வரும் என்பது என் அனுபவம். புதிதாக முதல் போடாமல் கிடைக்கும் சரக்கு அது. அதை விற்றுவிட்டுப் புதுக் கொள்முதலைப் பற்றி யோசிப்போம்.

— ஒரு மொத்த வியாபாரி, புதுச்சேரி